நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரம்

அது காசு குடுத்து வாங்கினதா சார், இல்ல சும்மா வந்ததா? உங்க போன்ல விளையாடிட்டு வர்றீங்களே, அந்த கேம். தப்பா எடுத்துக்காதீங்க. ஒட்டன்சத்திரத்துல நீங்க ஏறினதுலேர்ந்து பாத்துட்டுத்தான் வர்றேன். கலர் கலரா என்னமோ உடையுது, நீங்களும் விடாம உடைக்கிறீங்க. சும்மா வந்ததா? அப்ப சரி. சும்மா வந்ததுல குறை சொல்ல நமக்கு உரிமை கிடையாது. நான் காசு குடுத்து வாங்கி ஏமாந்தவன். நானூத்தித் தொண்ணூத்தொம்பது ரூபாய். மடியில வச்சிருக்கேனே இந்த ஃபைலு, இது பூராவும் அந்த ஒரே ஒரு கேமைப் பத்தினதுதான்.

என் பேரு தெய்வசிகாமணி, ஊரு திண்டுக்கல். முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். முத்திரை ஆய்வாளர்னா யாருக்கும் தெரியறதில்ல. கடையில தராசு, எடைக்கல்லு, பெட்ரோல் பங்க்ல மீட்டரு, இதெல்லாம் சரியா அளக்குதான்னு சோதிச்சு முத்திரை குத்துற வேலை. குறைச்சு அளந்தான்னா யாரா இருந்தாலும் விடமாட்டேன். எங்க சொந்தச் சித்தப்பா மளிகைக் கடையில ஒரு கிலோ கல்லுல இருபத்தஞ்சு கிராம் குறைஞ்சுது. எழுதிட்டேன். என் கல்யாணத்துக்கு அந்த மனுஷன் வரல. வராட்டி போகட்டும், ரெண்டு இலை மிச்சம்.

ரிட்டயர் ஆனப்பறம் சும்மா உக்கார முடியல. எங்க ஏரியாவுல ஒரு நுகர்வோர் சங்கம் ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை தோறும் கூட்டம். பத்து மணிக்கு வீட்லேர்ந்து கெளம்புவேன், பதினொண்ணு நாப்பதுக்கெல்லாம் திரும்பி வீட்டுக்குள்ள இருப்பேன். ஒரு ஞாயித்துக்கிழமை தவறினதில்ல, அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆனதில்ல. பிஸ்கட் பாக்கெட்ல பதினெட்டு கிராம் குறைவுன்னு ஒரு கேஸு நடத்தினோம், ஒன்றரை வருசம். ஜெயிச்சோம். சாட்சிக்கு வச்சிருந்த பிஸ்கட்டு நமுத்துப் போச்சு, அது வேற விஷயம்.

வீட்லயும் நான் அப்படித்தான். தொழில் பழக்கம் விடாதுல்ல. தக்காளி வந்தா எடை பாத்துட்டுத்தான் கூடைக்குப் போகும். சிலிண்டர் வந்தா தராசுல தொங்கவிட்டுப் பாப்பேன், எத்தனை நாள் எரியுதுன்னு நோட்டுல குறிப்பேன். காப்பிக்குத் தூள் ரெண்டு ஸ்பூன், சர்க்கரை ரெண்டரை. ஸ்பூன்னா தலை தட்டினது, குமிச்சது இல்ல. என் சம்சாரம் சுலோச்சனா ஆரம்பத்துல கொஞ்சம் முழிச்சா, அப்பறம் பழகிட்டா. அவளுக்கு இடது கைப் பழக்கம் வேற. பரிமாறுறது மட்டும் வலது கையிலன்னு கல்யாணமான முதல் வாரமே சொன்னேன், மாத்திக்கிட்டா. சொன்னா கேக்குற குணம். முப்பத்தோரு வருசத்துல எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல சார். அதுல எனக்குக் குடுத்து வச்சிருந்துச்சு.

டீச்சர் டிரெய்னிங் முடிச்சவ அவ. கல்யாணமான புதுசுல வேலைக்குப் போறேன்னா. நான் வேண்டாம்னு சொல்லல, அந்த மாதிரி ஆளு நான் இல்ல. பேப்பர் எடுத்து எழுதிக் காமிச்சேன். பஸ்ஸுக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு, நீ இல்லாதப்ப வீட்ல வீணாப் போறது இவ்வளவு. கழிச்சா கையில நிக்கிறது நூத்திச் சொச்சம். "நீயே சொல்லு, கட்டுப்படியாகுமா?"ன்னு கேட்டேன். சர்டிபிகேட்டை வாங்கிப் பத்திரமா பீரோவுல வச்சுட்டேன்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, அளவு விஷயத்துல என்னை ஏமாத்த முடியாதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். இப்ப கேமுக்கு வர்றேன்.

அதைச் செஞ்சதே எங்க பொண்ணுதான். சிந்துஜான்னு பேரு, கோயமுத்தூர்ல இருக்கா. அவளும் மாப்பிள்ளையும் வீட்லயே உக்காந்து கம்ப்யூட்டர் கேம் செய்யுறாங்க. ரெண்டு வருசமா ஒரே கேமு. "ரெண்டு வருசம் செஞ்சீங்களே, விளையாடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"னு கேட்டேன். "ஒன்றரை மணி நேரம்ப்பா"ங்குறா. விலை கேட்டா நானூத்தித் தொண்ணூத்தொம்பது. தியேட்டர்லகூட அந்தக் காசுக்கு ரெண்டு ஆளு மூணு மணி நேரம் ஏசியில உக்காரலாம். சொன்னேன். "இது அப்படி அளக்குற சாமான் இல்லப்பா"ன்னா. அளக்க முடியாத சாமான்னு ஒண்ணு இருக்கா சார் உலகத்துல?

பொங்கலுக்கு வந்தப்ப அது ஒரு ஆன்லைன் கடையில விற்பனைக்கு வந்திருந்துச்சு. எனக்குச் சும்மா தர்றேன்னா. நான் ஒத்துக்கல. சும்மா வாங்கிட்டா அப்பறம் எந்த வாயால கேள்வி கேக்குறது? என் கார்டுலயே காசு கட்டி வாங்கினேன். ஹால்ல இருக்குற கம்ப்யூட்டர்ல அவளே ஏத்திக் குடுத்தா. அன்னிக்குச் சாயங்காலம் அவளும் அவ அம்மாவும் அவ கொண்டுவந்த லேப்டாப் முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. ஏதோ சமையல் வீடியோ பாக்குறாங்கன்னு நானும் விட்டுட்டேன். சுலோச்சனாவுக்குக் கம்ப்யூட்டர்ல வேற என்ன வேலை?

அப்ப எனக்கு ஒரு எண்ணெய் பாக்கெட் விவகாரம் ஓடிட்டிருந்துச்சு. ஏப்ரல் மாசம் வரைக்கும் அந்த கேமை நான் தொடவே இல்ல. தொடலங்குறதை மனசுல வச்சுக்கங்க, அதுலதான் கேஸே இருக்கு. திங்கக்கிழமை காலையில லெட்டர் அடிக்க உக்காருவேன், மவுஸு இடது பக்கம் கிடக்கும். மேசை துடைக்கிறப்ப சுலோச்சனா நகத்திருப்பா. எடுத்து வலது பக்கம் வச்சுட்டு என் வேலையைப் பாப்பேன்.

ஏப்ரல்ல ஒரு புதன்கிழமை, சரி, என்னதான் செஞ்சிருக்கான்னு பாப்போம்னு திறந்தேன். கேமுக்குப் பேரு 'அவர் வர்றதுக்குள்ள'. ஒரு வீடு. நம்ம வீட்டைப் பாத்துத்தான் செஞ்சிருக்கா, அதுல எனக்குப் பெருமைதான். அதே ஹாலு, அதே கடிகாரம், அதே பச்சைப் பீரோ. என்னோட பழைய எடைக்கல் பெட்டிகூட அலமாரியில இருக்கு. அரைக்கிலோ கல்லுக்கு அடியில பீரோச் சாவி. நானும் அங்கதான் வைப்பேன். ஒண்ணு விடாம கவனிச்சிருக்கா புள்ள.

காலையில பத்து மணி. ஒரு ஆளு செருப்பு மாட்டிட்டு வெளிய போறான். நாம யாருன்னா, அந்த வீட்டுப் பொம்பளை. முகத்தைக் காட்டுறதில்ல, வளையல் போட்ட ரெண்டு கை மட்டும் தெரியும். அந்த ஆளு திரும்பி வர்றதுக்குள்ள ஒரு பையில சாமானை எடுத்து வச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போயிரணும். அவ்வளவுதான் கேமு. சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது, கார் ஓட்டுறது கிடையாது. ஒரே ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சுது. அந்தப் பையில பன்னண்டு கிலோதான் தூக்க முடியும், அந்தம்மாவுக்கு மூட்டு வலி. எந்தச் சாமானைத் தொட்டாலும் எடை காட்டும், கிராம் சுத்தமா. அதுல என் ரத்தம் தெரிஞ்சுது.

ஆனா அந்த ஆளு இருக்கானே சார். சகிக்கல. தக்காளியை எடை போடுறான், காப்பித் தூளை எண்ணுறான், சிலிண்டருக்கு நோட்டுப் போட்டு எழுதுறான். வீடு, கடிகாரம், பீரோ எல்லாம் எங்க வீடு மாதிரியே இருக்கு, இந்த ஆளை மட்டும் எங்க பிடிச்சான்னு தெரியல. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாராவது இருக்கும். போன் போட்டு அவகிட்ட சொன்னேன், "அந்த கேரக்டரு ரொம்ப ஓவரும்மா, அப்படி ஒருத்தன் இருக்க மாட்டான், நம்புற மாதிரி இல்ல"ன்னு. "அப்படியாப்பா"ன்னா. தப்பை எடுத்துச் சொன்னா ஏத்துக்குவா, அம்மா குணம்.

முதல் தடவை நான் என்ன பண்ணேன், குக்கர், மிக்ஸி, வெங்கலப் பானை, எல்லாத்தையும் பைக்குள்ள தள்ளினேன். காசு போட்டு வாங்கினதை விட்டுட்டா போறது? பை அசையல. எடுத்து எடுத்து வெளிய வச்சு, எதை விடுறதுன்னு யோசிச்சிட்டே இருக்கேன், வாசல் கேட்டு திறக்குற சத்தம். பதினொண்ணு நாப்பது. அந்த ஆளு உள்ள வந்தான். 'காப்பி'ன்னான். அவ்வளவுதான். நாம காப்பி போடணும். ரெண்டு ஸ்பூன் தூளு, ரெண்டரை சர்க்கரை. போட்டுக் குடுத்தா அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணி, மறுபடியும் முதல்லேர்ந்து.

ரெண்டாவது தடவை பாத்திரத்தைக் கழுவி வச்சுட்டுப் போலாம்னு நின்னேன், போட்டது போட்டபடி போறது முறையில்லன்னு. நேரம் போயிருச்சு. 'காப்பி'ன்னான். டம்ளரை மூஞ்சியில வீசலாம்னு வந்துச்சு, ஆனா அதுக்கு பட்டன் வைக்கல. அதையும் குறையா எழுதி வச்சிருக்கேன்.

மறுநாள் பொண்ணையே போன்ல வச்சுக்கிட்டு விளையாடி முடிச்சேன். நாலே நாலு பொருள்தான் எடுக்கணுமாம். கண்ணாடி, மூட்டு வலி மாத்திரை, ரெண்டு சேலை, ஒரு சர்டிபிகேட். சர்டிபிகேட்டு பீரோவுல புருஷனோட சர்வீஸ் புக்குக்கு அடியில கிடக்கு. எல்லாம் சேர்ந்து நாலு கிலோகூட வரல. அதுக்கு மேல ஒரு தந்திரம் சொன்னா. "கெளம்பறதுக்கு முன்னாடி காப்பி போட்டு பிளாஸ்க்ல ஊத்தி வச்சிரணும்ப்பா. வந்ததும் அவர் அதை உக்காந்து குடிப்பாரு. குடிச்சு முடிச்சப்பறம்தான் ஆளைக் காணோம்னு தேடுவாரு. பஸ்ஸைப் பிடிக்க அந்தப் பத்து நிமிஷம் போதும்." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொண்டாட்டியைக் காணோம், எவனாவது உக்காந்து காப்பி குடிப்பானா? இதெல்லாம் நடக்குற காரியமாம்மான்னு கேட்டேன். "ஊத்தி வைங்கப்பா"ன்னா.

பிளாஸ்க்ல ஊத்தி வச்சேன். பையோட தெருவுல நடந்தேன். பஸ்ஸு வந்துச்சு. அந்தம்மா ஏறி சன்னல் ஓரத்துல உக்காந்தாங்க, பஸ்ஸு கெளம்பிருச்சு. முடிஞ்சுபோச்சு. பஸ்ஸு எந்த ஊருக்குப் போகுது? போர்டே இல்ல. போய் என்ன ஆனாங்க? சொல்லல. மறுபடி எப்ப வீட்டுக்கு வருவாங்க? அதுவும் இல்ல. முதல் நாள் நாப்பது நிமிஷம், மறுநாள் அம்பத்தஞ்சு நிமிஷம். மொத்தம் ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிஷத்துல ஐநூறு ரூபாய் காலி.

கடைச் சட்டத்துல ஒரு விதி இருக்கு சார். வாங்கி நூறு நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைச்சலா விளையாடியிருந்தா, திருப்பிக் குடுத்துக் காசை வாங்கிக்கலாம். நான் எல்லா விதியையும் படிக்கிறவன். வெள்ளிக்கிழமை காலையில எழுதிப் போட்டேன். பெத்த பொண்ணு செஞ்சதை எவனாவது திருப்பிக் குடுப்பானான்னு கேப்பீங்க. சித்தப்பா கதையைச் சொன்னேனே. அதோட கடையில ஒரு ஸ்டாரு குடுத்து 'அளவு குறைவு'ன்னு விமர்சனமும் போட்டேன். அதுக்குக் கீழயே முப்பது நாப்பது பேரு எழுதியிருக்காங்க, எல்லாம் பொம்பளைங்க. ஒருத்தி 'மூணாவது தடவைதான் பஸ் ஏறினேன், ஏறினதும் அழுதுட்டேன்'னு எழுதியிருக்கா. அழுகையை அளக்க முடியாது, நேரத்தை அளக்கலாம்னு அவளுக்குப் பதில் போட்டேன். இன்னொருத்தி 'என் அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தேன்'னு போட்டிருக்கா. வேலையத்தவங்க.

மறுநாள் சனிக்கிழமை. கடைக்காரன்கிட்டேர்ந்து பதில் வருது. என்ன பதில்? 'உங்கள் கணக்கில் இந்த விளையாட்டு பதினைந்து மணி முப்பத்தைந்து நிமிடம் விளையாடப்பட்டுள்ளது. திருப்பிக் கொடுக்க இயலாது.' எப்படி இருக்கு? மொத்த கேமே ஒன்றரை மணி நேரம். அதுல பதினஞ்சரை மணி நேரம் எவன் சார் விளையாடுவான்? சுத்த மோசடி.

கத்தினேன். வீடே அதிருற மாதிரி கத்தினேன். சுலோச்சனா அடுப்படியிலேர்ந்து வந்து நின்னா, அந்த லெட்டரைப் படிச்சுக் காமிச்சேன். "நம்ம கம்ப்யூட்டரை எவனோ திருட்டுத்தனமா இயக்குறான், இதை நான் விடப்போறதில்ல, திங்கக்கிழமையே மேல எழுதுறேன்"னேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. "திருப்பி எடுத்துக்கிட்டாங்கன்னா, அந்த கேமு இதுலேர்ந்து போயிருமாங்க?" ஆமா, அழிஞ்சு போயிரும், விதி அதுதானேன்னேன். "ஓகோ"ன்னு போயிட்டா. அவளுக்கென்ன தெரியும் இதைப் பத்தி.

அதுக்கு மறுநாள்தான் அவ பொண்ணு வீட்டுக்குப் போனா. ஒத்தாசைக்குத்தான் போயிருக்கா. வீட்ல ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்லயே கிடக்குறாங்கல்ல, சமைக்க ஆள் வேணும். அன்னிக்கும் வழக்கம்போல நான் கூட்டத்துக்குப் போயிட்டு பதினொண்ணு நாப்பதுக்கு வந்தேன். மேசை மேல பிளாஸ்க்குல காப்பி இருந்துச்சு. உக்காந்து குடிச்சேன். குடிச்சு முடிச்சுட்டு டம்ளரைக் கழுவச் சொல்லலாம்னு கூப்பிட்டேன், ஆளைக் காணோம். பிளாஸ்க்குக்கு அடியில துண்டுச் சீட்டு. சிந்துஜா வீட்டுக்குப் போறேன்னு எழுதியிருந்தா. எதிர்வீட்டுக்காரர் சொன்னாரு, ஒரு சின்னப் பைதான் கையில இருந்துச்சாம், வீசி வீசி நடந்து போனாளாம். மூட்டு வலிக்காரி எப்படி வீசி நடந்தான்னுதான் எனக்குப் புரியல.

போய் நாலு மாசம் ஆச்சு. ஆமா சார், ஒத்தாசைக்கு நாலு மாசம் கொஞ்சம் அதிகம்தான். இப்ப அங்க பக்கத்துல ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துல சேர்ந்திருக்கா, எல்கேஜி புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தர்றாளாம். சம்பளம் ஆறாயிரத்து ஐநூறு. ஆட்டோவுக்குப் போக என்ன மிஞ்சும்னு போன்ல கேட்டேன். "நடந்துதாங்க போறேன்"னா. ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவா, சாப்டீங்களான்னு கேப்பா. எப்ப வர்றேன்னு கேட்டா, "பாக்கலாம்"பா. முப்பத்தோரு வருசத்துல அந்த வார்த்தையை அவ வாயில கேட்டதே இல்ல சார். பாக்கலாம்கறது நான் சொல்ற வார்த்தை.

சொல்றதுக்கென்ன, வீட்ல ஒரு மாதிரியாத்தான் இருக்கு. தக்காளியை எடை போட்டு வைக்கிறேன், நோட்டுல எழுதுறேன், யாருக்குன்னு தெரியல. காப்பி நானே போட்டுக்கிறேன். அதே ரெண்டு ஸ்பூன், அதே ரெண்டரை. வாயில வைக்க முடியல. அளவுல தப்பில்ல, நாலு தடவை சரிபாத்துட்டேன். அவ வரணும் சார். அவ வந்தா எல்லாம் சரியாயிரும்.

ஆனா இப்ப நான் போறது அதுக்கில்ல. கேஸுக்காகப் போறேன். பதினஞ்சரை மணி நேரம் எந்தெந்த நாள்ல விளையாடினது, அந்த விவரத்தைக் குடுன்னு கடைக்காரனை விடாம கேட்டேன். மூணு மாசம் இழுத்தடிச்சுப் போன வாரம்தான் அனுப்பினான். நான் விளையாடின ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிஷத்தைக் கழிச்சா மீதி சரியா பதினாலு மணி நேரம். இங்க பாருங்க, கண்ணாடி இருந்தா போட்டுக்கங்க. ஜனவரி பதினெட்டு, பத்து அஞ்சுலேர்ந்து பதினொண்ணு முப்பத்தஞ்சு வரைக்கும். அடுத்தது இருவத்தஞ்சு. அப்பறம் பிப்ரவரி ஒண்ணு, எட்டு. மொத்தம் பன்னண்டு நாளு. பன்னண்டும் ஞாயித்துக்கிழமை. எல்லாம் பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு பதினொண்ணு நாப்பதுக்குள்ள முடியுது. திருட்டுப்பய எனக்குத் தெரியாம நான் கூட்டத்துக்குப் போற நேரமா பாத்து நுழைஞ்சிருக்கான். வர வர நேரம் குறையுது பாருங்க. முதல் வாரம் ஒன்றரை மணி, கடைசி வாரம் நாப்பத்திரண்டு நிமிஷம். அவனுக்கே சலிச்சுப் போச்சு போல.

இந்தப் பன்னண்டு நாளும் நான் வீட்ல இல்லைங்கறதுக்கு சங்கத்து வருகைப் பதிவேடு இருக்கு, ஜெராக்ஸ் வச்சிருக்கேன். நான் விளையாடலன்னு ஆச்சு. வேற யாரும் விளையாடலன்னு காட்டணுமில்ல. அதுக்குத்தான் சுலோச்சனா. அந்த நேரத்துல வீட்ல இருந்தவ அவ. 'மேற்படி நாட்களில் மேற்படி கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை'ன்னு ஒரு சாட்சிப் பத்திரம் அடிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், அவ கையெழுத்து ஒண்ணு போட்டா போதும். போடுவா. போடச் சொன்ன இடத்துல எல்லாம் போட்டிருக்கா. முடிஞ்சா அப்படியே கூடக் கூட்டிட்டு வந்துரலாம்னு. டவுன் பஸ்ஸுலதான் லேடீஸுக்கு ஃப்ரீ, இதுல கிடையாது, பரவால்ல, அந்தச் செலவை நான் பாத்துக்கிறேன்.

என்ன கேட்டீங்க? அப்ப வீட்ல யார் யார் இருந்தாங்களா? வீட்ல யாருமே இல்ல சார். அவ மட்டும்தான் இருந்தா.

சிரிக்காதீங்க. நீங்க நினைக்கிறது நடக்காது. அவளுக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாது. மவுஸை எந்தக் கையில பிடிக்கணும்னுகூட அவளுக்கு…

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க.

திங்கக்கிழமை திங்கக்கிழமைதான் சார் மவுஸு இடது பக்கம் கிடக்கும். செவ்வாக்கிழமை கிடக்காது. மேசையை அவ தினமும்தான் துடைப்பா.

பீரோவை நான் திறந்து பாக்கல. நாலு மாசமா திறக்கவே இல்ல. பள்ளிக்கூடத்துல சேர்ந்தான்னு சொன்னப்பவே கேட்டிருக்கணும், சர்டிபிகேட் இல்லாம எப்படிச் சேர்த்தாங்கன்னு. எனக்கு அது தோணல. எனக்கு ஆட்டோ செலவுதான் தோணுச்சு.

பொள்ளாச்சி வந்துருச்சு போலிருக்கே, நீங்க இறங்கணும்ல. பையை எடுத்துக்கங்க, நான் காலை மடக்கிக்கிறேன். இந்தச் சாட்சிப் பத்திரம் இனி எதுக்கு ஆகும்? அவ பொய் சொல்ல மாட்டா. கேட்டா உள்ளதைச் சொல்லிருவா. நான்தான் கேக்கணும்.

பதினாலு மணி நேரத்தால ஐநூறுல ஒண்ணு குறைச்சு வகுத்தா மணிக்கு முப்பத்தஞ்சு ரூபா அறுவத்தினாலு காசு வருது. மனக்கணக்குதான் சார், பேப்பர் வேண்டாம். கட்டுப்படியாகிற விலைதான். அவளுக்கு.

இறங்கிப் பாத்து நடங்க, பின்னாடி வண்டி வருது. அப்பறம் சார், கேட்டீங்கன்னா சொல்றேன், அந்த பிளாஸ்க்ல இருந்த காப்பி. தூளு, சர்க்கரை, சூடு, எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு குறையும் சொல்ல முடியாது.